சுவையும் உரிமையும்

மதுவைப் பற்றிய பேச்சு தமிழரிடையே எழுந்தால் இருவகை முகங்களைக் காணலாம். ஒன்று சுளிக்கும், மற்றொன்று சிரிக்கும். சுளிப்பவர் அதனுள் அழிவை மட்டுமே காண்கின்றனர். சிரிப்பவர் கேளிக்கையை மட்டுமே காண்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே சுவை என ஒன்று உண்டு. அச்சுவை யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டாமற் போயிற்று என்னும் வினாவில் ஒரு சமுதாயத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது. கெடா மாநிலத்துத் தஞ்சோங் டாவாயில் ஆண்டுக்கொரு முறை கூடும் நான்கு நண்பர்களின் கதை இதனை எண்ணிப் பார்க்கத் தூண்டுவதாகும்.

மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். அக்கரையில் பந்தாய் மெர்டேக்கா. வடக்கே நிமிர்ந்தால் ஜெராய் மலை. கரையெங்கும் நெத்திலி காயும். கருவாட்டின் மணமும் பெலாச்சானின் மணமும் காற்றோடு கலந்து வரும். பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து ஒரே பள்ளியில் பயின்ற அந்நால்வரும் நண்பகலில் இங்கு வந்து மீன் உண்பர், படகுகளைப் பார்த்தவாறு பழங்கதை பேசுவர், கருவாடு வாங்குவர். ஆனால் இங்கே அவர்கள் ஒரு துளியும் பருகுவதில்லை. இசுலாமிய மீனவர் வாழும் ஊரில் புட்டியைத் திறப்பது பண்பன்று என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறி. மாலை சாய்ந்த பின்னரே செமெலிங்கில் உள்ள ஒருவர் இல்லத்தை அடைவர். அங்கேதான் சுவைக்கூட்டம் தொடங்கும்.

இல்லத்துக்கு உரியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; நண்பர்களுக்கு அவர் என்றும் ‘வாத்தியார்’. இரண்டாமவர் லாரி வைத்துத் தொழில் நடத்துபவர். மூன்றாமவர் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவருடைய தந்தையார் தோட்டத்தில் தென்னை மரமேறிக் கள் இறக்கியவர். நான்காமவர் மருத்துவமனை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நால்வருள் மூத்தவர். அவர் குடிப்பதே இல்லை. கூட்டம் முடிந்தபின் மற்றவர்களைக் காரில் ஏற்றிச் சென்று வீடு சேர்ப்பவர் அவரே.

குடிக்காதவருக்குச் சுவைக்கூட்டத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். நால்வருள் கூர்மையான மூக்கு அவருடையதுதான். புட்டிகள் செய்தித்தாளில் சுற்றப்பட்டு எண் மட்டும் இடப்பட்டு மேசைக்கு வரும். அடி அகன்று வாய் குறுகிய கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி அளவே ஊற்றுவர். முதலில் முகர்வர், பின் ஒரு வாய் பருகுவர், பின் சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர்வர். நீர் சேர்ந்ததும் அடங்கியிருந்த மணங்கள் மேலெழும். மூத்தவர் முகர்வதோடு நின்று, எல்லாருடைய கருத்துகளையும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதுவார். எந்தப் புட்டி எந்நாட்டது என்று அவர் சொல்வது பெரும்பாலும் தவறுவதில்லை.

முதலில் பீர் வகைகள். கோதுமையில் செய்த ஜெர்மானிய பீரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எழும். ஆயினும் அதில் வாழையும் இல்லை, கிராம்பும் இல்லை. அவை நொதியின் கைவண்ணம். ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை மிகுதியாக இட்ட வெளிர்நிற ஏல் வகையில் பொமெலோத் தோலின் கசப்பும் மாம்பழ வாசமும் தோன்றும். கருநிற ஸ்டவுட்டில் வறுத்த வாற்கோதுமை காப்பிக்கொட்டையை நினைவூட்டும். பெருந்தொழிற்சாலைகள் எல்லா ஊரிலும் ஒரே சுவையைப் பரப்பியபோது, பிரிட்டனில் 1971-இல் பழைய முறை ஏலைக் காக்க ஓர் இயக்கம் தோன்றியது. அமெரிக்காவில் 1978-இல் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு நடுவணரசின் சட்டம் வழிவிட்டது. சிறு வடிப்பாலைகள் பெருகியது இவற்றின் பின்னரே.

அடுத்து விஸ்கி. ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வந்த ஒன்றை முகர்ந்ததும் மூத்தவர், ‘இது தோட்டத்துப் புகைக்கூடம்’ என்றார். அத்தீவினர் பீட் என்னும் மட்கிய தாவர மண்ணை எரித்து, அப்புகையில் முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்துவர். ரப்பர்ப்பாலைத் தகடாக்கிப் புகையில் தொங்கவிட்ட நாள்களை அறிந்தவர்க்கு அம்மணம் அயலாகத் தோன்றவில்லை. லாரிக்காரர் அதில் கடற்கரைக் கருவாட்டின் உப்பையும் கண்டார். மற்றொரு கிண்ணத்தில் உலர்ந்த திராட்சையின் இனிமை இருந்தது. ஷெர்ரி மது முன்னர் நிரப்பியிருந்த ஓக் பீப்பாயின் கொடை அது. மூன்றாவது, பெங்களூரில் வடிக்கப்படும் அம்ருத். இது 2004-இல் விஸ்கியின் தாயகமான ஸ்காட்லாந்திலேயே, கிளாஸ்கோ நகரில், முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிறது. பெங்களூரின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல் ஆவியாகிறது. அந்த இழப்பை ‘தேவதைகளின் பங்கு’ என்பர். வெப்பநாட்டுத் தேவதைகளுக்குத் தாகம் மிகுதி போலும்! ஆனால் அதே வெப்பத்தால் சில ஆண்டுகளிலேயே மது முதிர்ந்து விடுகிறது.

சுவைத்து வேறுபாடு காணும் இப்பழக்கம் மேனாட்டாரிடமிருந்து வந்தது என்று கருதுவோர் உளர். வாத்தியார் அதனை ஒப்புவதில்லை. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி எனச் சங்கத் தமிழர் மதுவுக்கு இட்ட பெயர்கள் பல. வேறுபாட்டை நாவறியாத மக்கள் இத்தனை பெயர் இட்டிருக்க மாட்டார்கள் அன்றோ? யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூற்றின் ஐம்பத்தாறாம் பாட்டு பேசுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டிலிட்டு ஆறவைத்து, முளையை இடித்துச் சேர்த்து, இருபகலும் இரவும் சாடியில் விளையவிட்டு, பின் வடித்தெடுத்த மதுவைச் சுட்ட மீனோடு பாணர்க்கு வழங்குவர் அம்மக்கள். முளைவிட்ட தானியத்தால் மதுவை விளைவிப்பது பீர் காய்ச்சும் முறையே ஆகும். அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் பூம்புகார்த் துறைக்கு வந்த பொருள்களுள் காழகத்து ஆக்கமும் ஒன்று. காழகம் என்பது கடாரம் என உரையாசிரியர் பொருள் கூறுவர். கடாரம் இந்தக் கெடாவே. மீனவர் ஊரில் மீன் உண்டுவிட்டு வந்து இப்பாட்டுகளைப் பேசும்போது வாத்தியாரின் குரலில் ஒரு பெருமிதம் ஏறும்.

ஆயின் அப்பெருமிதம் நெடுநேரம் நிற்பதில்லை. சங்கப் பாணனுக்கும் இந்நால்வருக்கும் இடையே தோட்டத்துக் கள்ளுக்கடை ஒன்று குறுக்கே நிற்கிறது.

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் மதுவும் இரண்டாகப் பிரிந்திருந்தது. துரைமார் தம் மன்றங்களில் விஸ்கியோடு சோடா கலந்து பருகினர். அதற்கு ‘ஸ்தெங்கா’ என்று பெயர். பாதி என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லின் திரிபு அது. அவர்களுக்கு வகையும் இருந்தது, அளவும் இருந்தது, நாற்காலியும் இருந்தது, உரையாடலும் இருந்தது. தொழிலாளிக்குக் கள்ளுக்கடை. விடியலில் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வெயிலில் வாடியவன் மாலையில் அங்கே சென்று நின்றுகொண்டே விழுங்கினான். அவனுக்குக் கிடைத்தது ஒரே வகை. தேர்வு என்பதே இல்லை. கூலி கொடுத்த கைக்கே கூலி மீண்டும் சென்றது.

இக்கொடுமையைத் தொழிலாளர் உணராமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது ஒன்று. துரையின் முன்னே மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது தற்செயல் அன்று. மிதிவண்டியிலிருந்து இறங்குவதும் கள்ளுக்கடையில் விழுவதும் ஒரே தாழ்வின் இரு முகங்கள் என அவர்கள் அறிந்திருந்தனர்.

கெடாவிலும் அத்தீ மூண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காவல்துறை அவர்கள்மீது பாய்ந்தது, உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. கெடாவின் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி ஒருவர் மாண்டார். 1759-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தோன்றிய வடிப்பாலையின் கருநிற ஸ்டவுட் மேசைக்கு வரும்போதெல்லாம் மூத்தவர் இச்செய்தியை நினைவூட்டுவார். ‘டப்ளின் என்றால் உங்களுக்கு பீர், என் அப்பாவுக்கு அது தோட்டம்’ என்பது அவர் வாக்கு.

அவருடைய தந்தையாரின் கதை அக்கள்ளுக்கடையில்தான் முடிந்தது. சம்பள நாளன்று தாயார் கடை வாசலில் கைக்குழந்தையோடு காத்திருப்பார். கிடைக்கும் மிச்சத்தில் அரிசி வாங்குவார். கள் போதாமற் போன பிற்காலத்தில் தந்தையார் சம்சுவுக்கு மாறினார். நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளில் கல்லீரல் கெட்டு மறைந்தார். மருத்துவமனைப் பணியில் மகன் பின்னர் இத்தகைய உடல்கள் பலவற்றைக் கண்டார். மலிவுச் சாராயம் இன்றும் கொல்கிறது. 2018 செப்டம்பரில் மலேசியாவில் மெத்தனால் கலந்த மதுவால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் தமிழகத்துக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தின் இறுதியில் மரமேறியின் மகன் எண் இடப்படாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். அன்று காலை இறக்கிய தென்னங்கள் அது. நண்பர்கள் திகைத்தனர். அவர் அமைதியாக விளக்கினார்: பெல்ஜியத்தில் காற்றில் உலவும் நொதியாலேயே புளிக்கும் லாம்பிக் என்னும் பீரை உலகமே போற்றுகிறது. கள்ளும் அவ்வாறே தானே நொதிப்பது. நாளொன்றுக்கு இருமுறை மரமேறி, பாளையைத் தட்டி, மெல்லிய சீவலாகச் சீவி, கலயம் கட்டி இறக்குவது கைத்தொழில் அன்றி வேறென்ன? விஸ்கிக்குப் பன்னிரண்டு ஆண்டு முதுமை சிறப்பு. கள்ளுக்குப் பன்னிரண்டு மணி நேரமே மிகுதி. காலையில் தேன்போல் இருப்பது மாலையில் புளிக்கிறது, மறுநாள் காடியாகிறது.

இதுகாறும் எந்தப் புட்டியையும் முகர மறுக்காத மூத்தவர் அப்பாத்திரத்தை முகத்தருகே கொண்டுபோய் உடனே கீழே வைத்துவிட்டார். ‘இது என் அப்பா சட்டையின் வாசம்’ என்றார். அறையில் பேச்சு நின்றது. ஒருவரின் தந்தை இறக்கிய கள்ளை மற்றவரின் தந்தை குடித்து அழிந்தார் என்னும் உண்மை ஐம்பதாண்டு நட்பில் அதுவரை வாய்விட்டுச் சொல்லப்படாதது.

சற்று நேரங்கழித்து மரமேறியின் மகன் சொன்னார்: ‘அண்ணே, எங்கப்பா இறக்கினப்ப அது இனிப்பாத்தான் இருந்துச்சு. உங்கப்பா கைக்கு வந்தப்ப புளிச்சிருச்சு. நடுவுல நின்னது எங்கப்பா இல்லண்ணே.’ மூத்தவர் மறுமொழி கூறவில்லை. ஆனால் பாத்திரத்தை மீண்டும் எடுத்து, இம்முறை நெடுநேரம் முகர்ந்தார். பின் நோட்டைத் திறந்து, ‘காலைக் கள்: இளநீர், ஈர ஓலை, சிறிது புளிப்பு’ என்று எழுதினார். மதிப்பெண் பகுதியை வெறுமையாக விட்டார்.

இச்சிறு நிகழ்ச்சியில் பொருள் உண்டு. சுவை மதுவில் மட்டும் இல்லை. அதனைப் பருகும் நிலையிலும் உள்ளது. வேண்டும் என்று ஏற்கவும் வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உடையவனே சுவைஞன். அவ்வுரிமை பறிக்கப்பட்டவனுக்கு உயர்ந்த மதுவும் போதையே. அதியமானைப் பாடிய ஔவையார், சிறிதளவு கள் கிடைத்தால் அவன் தனக்கின்றித் தமக்கே தந்ததையும், பெரிதளவு கிடைத்தால் பகிர்ந்து மகிழ்ந்ததையும் நினைந்து அழுதார். அங்கே மது பெரிதன்று, பகிர்வே பெரிது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், தன்னை மறந்து நாணம் இழக்கும் நிலையைக் கடிந்தார். இவ்விரு குரல்களும் ஒரே மேசையில் அமர இயலும் என்பதற்கு அந்நால்வரின் கூட்டமே சான்று. குடிக்காதவரை அங்கே எவரும் வற்புறுத்துவதில்லை. குடிப்பவரை அவரும் இகழ்வதில்லை.

மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் இருபத்தொரு வயது நிரம்பாதார்க்கு மது விற்றல் ஆகாது. இளையோர் அதற்குமுன் அறியவேண்டியது மதுவின் சுவையை அன்று. தம் முன்னோர் எதற்காகக் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து அடிபட்டனர் என்பதை. வேண்டாம் எனச் சொல்லும் உரிமைக்காக அவர்கள் போராடினர். இன்று செமெலிங் வீட்டில் நான்கு பேர் அமர்ந்து இது புகை, இது கனி, இது கடலுப்பு என்று நிதானமாகப் பிரித்தறிவதும் அவ்வுரிமையின் விளைவே. இரவு பத்து மணிக்கு நோட்டு மூடப்படும். மூத்தவர் கார்ச் சாவியை எடுப்பார். மற்ற மூவரும் பிள்ளைகளைப்போல் அவர் பின்னே செல்வர். வாத்தியார் மட்டும் வாசலோடு நின்று கையசைப்பார்.