பத்ரா மேல் பத்ரா

தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் எங்கள் வீடு. பத்துக்குப் பன்னிரண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பா மரச்சட்டத்தில் தகரம் அடித்துக் கட்டியது. ஊரில்தான் அது தகரம், மும்பையில் பத்ரா.

2004 மே மாதம் மேற்குச் சுவரின் அடிப்பாகம் விரல் வைத்தாலே உதிர்ந்தது. மேஸ்திரி அண்ணாச்சி தட்டிப் பார்த்தார். "முழுசாப் பிரிக்கணும் தம்பி. சட்டமும் போயிருக்கும். கீழ ரெண்டடி செங்கல் வச்சு, மேல புதுசா அடிச்சிருவோம்" என்றார். நாலு நாள் அம்மா எங்கே படுப்பாள் என்று மறுத்துவிட்டேன். அது சாக்கு. அந்தப் பணத்தில் கலர் டி.வி. வாங்குவதாக முடிவு செய்திருந்தேன்.

மிச்சக் காசுக்கு நீலத் தகரம் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சுவரின் மேலேயே நானே ஆணியடித்தேன். மேலிருந்து கீழாக அடித்து வந்ததில், கீழ்த் தகரம் மேல் தகரத்தின் மீது ஏறிக்கொண்டது. ஓடு வேய்கிறவர்கள் கீழ்வரிசையில் ஏன் தொடங்குகிறார்கள் என்று ஊரில் அத்தனை முறை வேடிக்கை பார்த்தும் யோசித்ததில்லை. பழைய சுவரில் ஓடிய கரண்டு வயரையும் உள்ளே வைத்து மூடிவிட்டேன். சந்தில் எல்லோரும் வந்து பார்த்து, வீடே புதுசாகிவிட்டது என்றார்கள்.

தகரத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய துத்தநாகப் பூச்சுதான். கடலோர உப்புக்காற்று அதை மெல்லத் தின்கிறது. ஓயாத ஈரம் இன்னும் வேகமாகத் தின்கிறது. ஒற்றைத் தகரம் மழை விட்டதும் காய்ந்துவிடும். இரண்டு தகரத்துக்கு நடுவே போன தண்ணீர் எப்படிக் காயும்? வெளியே நீலம் பளபளக்க, உள்ளே சுவர் அழுகிக்கொண்டிருந்தது.

ஜூலையில் ஒரு காலை, தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா சுவரில் கை ஊன்றினாள். அப்படியே தூக்கி எறிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போய் மெயினை அணைத்தார். என் ஆணி ஒன்று வயரின் தோலைக் கிழித்திருந்தது. அம்மா பிழைத்தது சந்திலிருந்த எல்லோர் புண்ணியம்.

அன்று மாலையே பிரித்தோம். உள்ளே பழைய தகரம் செங்காவிச் சேறாகியிருந்தது. சட்டத்தில் நகம் இறங்கியது. அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டி.வி.யை விற்றேன். செங்கல் வைத்து, புதுச் சட்டம் நிறுத்தி, வயரைக் குழாயில் விட்டு, கீழிருந்து மேலாகத் தகரம் ஏறியது. மறு ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக வந்தது, சுவர் நின்றது.

இப்போது செம்பூரில் இருக்கிறோம். அம்மா இன்றும் சுவரில் சாய்வதில்லை. "இது காங்கிரீட் சுவரும்மா" என்றால், வெள்ளைப் பெயின்ட்டை ஒரு பார்வை பார்ப்பாள்.

"உள்ள என்ன கெடக்குன்னு யாருல கண்டா?"