கூட நின்னு கத்துக்கிட்ட வேலை

இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறோம். அதற்கு முன்னால் ஜவ்வாது மலைக்காரன் என்ற உரிமையில் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

என் அண்ணனும் டிப்ளமோதான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு அப்ரண்டிஸ். "மெஷினைத் தொடவே விடலடா. பார்த்துக்கிட்டு நில்லுன்னாங்க, நின்னேன். வருஷம் முடிஞ்சதும் சர்ட்டிபிகேட் கொடுத்து அனுப்பிட்டாங்க" என்பார். அங்கிருந்த மூத்த டர்னர் கெட்டவர் இல்லையாம். ஒருநாள் டீக்கடையில் அவரே மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார்: "உனக்கு முழுசா கத்துக் கொடுத்துட்டா, நாளைக்குக் குறைஞ்ச சம்பளத்துல என் இடத்துல உன்னை நிறுத்திடுவாங்க தம்பி." அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிர்வாகம் பயிற்சி என்று ஒன்றை நினைக்கிறது. பக்கத்தில் நிற்கிற தொழிலாளிக்கு அது தன் சோற்றில் கை வைப்பதாகத் தெரிகிறது. பிறகு, "ஆள் நிலைக்க மாட்டேங்குது" என்று அதே நிர்வாகம்தான் புலம்புகிறது!

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்துக்குள் டிப்ளமோக்காரர்கள் வந்தது 1973 திருத்தத்தில்தான். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்குக் கிடையாது. 2014 திருத்தம், அப்ரண்டிஸ்களை வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனமே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றது. சேரும்போதே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எங்கள் மலையிலேயே வேறு மாதிரி நடந்த ஒரு கதை உண்டு. காவலூர் வானாய்வகம். 1968-இல், கொடைக்கானல் பணிமனையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கியது. பிறகு 2.34 மீட்டர் தொலைநோக்கியை நாமே செய்வோம் என்று பிடிவாதமாக நின்றார் வைணு பாப்பு. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பணிமனை. வேலை முடியும் முன்பே, 1982-இல், பாப்பு காலமாகிவிட்டார். வேலை நின்றுவிடவில்லை. 1986 ஜனவரி 6-இல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தபோது அதற்குப் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. தலைவர் போனபிறகும் முடிக்க ஆள் இருந்ததே, எப்படி? சின்னதில் கை பழகியவர்கள் பெரியதில் இறங்கினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு சனிக்கிழமை பார்வையாளர்களோடு நானும் போயிருந்தேன். நட்சத்திரத்தை விட்டுவிட்டு, "கண்ணாடியை யார் சார் கழுவுறது?" என்று கேட்டேன். மெக்கானிக்கல் புத்தி! ஊழியர் ஒருவர் சிரித்தார். அலுமினியப் பூச்சு மங்கிப் போனால் கண்ணாடியைக் கழற்றி, பழைய பூச்சைக் கரைத்து, வெற்றிட அறையில் வைத்துப் புதிதாகப் பூச வேண்டுமாம். அந்த வசதி மலையிலேயே இருக்கிறது. "நோட்டுல எல்லாம் எழுதியிருக்கு தம்பி. ஆனா கூட நின்னு நாலு தடவை செஞ்சாத்தான் கைக்கு வரும். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள யாராவது நின்னாகணும்" என்றார். டர்னர் பயந்த அதே விஷயத்துக்கு இவர் ஆள் தேடுகிறார். இவருடைய வேலைக்கு ஆபத்து இல்லை, அவருடையதற்கு இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. எந்த மெஷினில், யாரோடு நிற்பேன், கற்றுக்கொடுப்பதற்காக அவருக்கு ஏதாவது தருவீர்களா என்று கேட்பதாக இருக்கிறேன். "இதெல்லாம் கேட்டா எடுக்க மாட்டாண்டா" என்கிறார் அண்ணன்.

பார்க்கலாம்.