நங்கூரக் கணக்கு

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பேராசிரியர் அவர்கள் கேட்டபோது தயங்கினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல் வரைபடங்களோடு காலங்கழித்தவனுக்கு இலக்கிய மலரில் என்ன வேலை? இக்கல்லூரியில் நான் இயற்பியல் மாணவன். தமிழோடு எனக்கிருந்த தொடர்பு பகுதி ஒன்று வகுப்போடு சரி. ஆயினும் அவ்வகுப்பில்தான் ஒருநாள் எங்கள் ஆசிரியர், நங்கூரம் என்னும் சொல் பாரசீகத்தின் 'லங்கர்' என்பதன் வழி வந்தது என்றும், சுக்கான் அரபுச் சொல் என்றும் விளக்கினார். கடலோரத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் நாள்தோறும் வாயில் வழங்கிய சொற்கள் அத்துணைத் தொலைவு பயணம் செய்து வந்தவை என்பதை அன்றுதான் அறிந்தோம். அந்த நங்கூரமே பின்னாளில் என் பிழைப்பாகுமென அப்போது எண்ணவில்லை. இதைச் சொன்னதும், "அதைப் பற்றியே எழுதுங்கள்" என்றார் பேராசிரியர்.

என் பாட்டனார் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்த்தோணி ஒன்றில் தண்டலாக இருந்தவர். எங்கள் ஊரில் தந்தையை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்பது வழக்கம். ஒருநாள் திண்ணையில் அவர் அருகே அமர்ந்து, "அப்பா, நங்கூரம் எவ்வளவு கனமா இருந்தா தோணி நிக்கும்?" என்று கேட்டேன்.

"கனத்துல என்ன வாப்பா இருக்கு? ஆலாத்து தரையில படுத்துக் கிடக்கணும். அது எழுந்து நின்னுச்சுன்னா நங்கூரமும் கூடவே எழுந்துரும்" என்றார். இரவில் நங்கூரமிட்டால் கயிற்றின்மேல் கைவைத்துப் பார்த்துவிட்டே உறங்கச் செல்வாராம். நங்கூரம் தரையில் இழுபடுகிறதா, பற்றிக்கொண்டிருக்கிறதா என்பது கைக்குத் தெரிந்துவிடுமாம்.

பட்டப்படிப்புக்குப்பின் கப்பற் கட்டுமானக் கலை பயின்றபோது, எந்த நூலைப் புரட்டினாலும் பாட்டனார் சொன்னதே வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தது. நங்கூரத்தின் கொழு மண்ணில் புதைந்து நிற்க வேண்டுமானால் அதன்மீது விழும் இழுப்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அது பெயர்ந்துவிடும். ஆதலின் கடலின் ஆழத்தைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு நீளத்திற்குச் சங்கிலி விடப்படும் என்று கொண்டே கணக்கிடுகிறார்கள். அந்தச் சங்கிலியின் ஒரு பகுதி தரையில் படிந்து கிடக்கும். காற்று வலுக்கும்போது படிந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக எழும்பி, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். சணற்கயிற்றின் இடத்தை இரும்புச் சங்கிலி பிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சங்கிலி அறுந்து கப்பல்கள் அழிந்த கதைகள் பெருகவே, 1864இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சங்கிலிகளையும் நங்கூரங்களையும் சோதித்துப் பார்த்தே விற்க வேண்டும் எனச் சட்டமே இயற்றியது.

சரி, இந்தக் கப்பலுக்கு இவ்வளவு நங்கூரம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பலரும் கப்பலின் எடையைப் பார்த்து என்று எண்ணுவர். அது முழு உண்மையன்று. கப்பல் வகைப்பாட்டுக் கழகங்கள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட ஒரு சிறு சூத்திரம் உண்டு. அதிலிருந்து கிடைப்பது 'உபகரண எண்'. கப்பல் வெளியேற்றும் நீரின் எடையை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்த வேண்டும். இது நீரோட்டம் பற்றி இழுக்கும் அடிப்பரப்புக்கு ஈடானது. அதனோடு கப்பலின் அகலத்தையும், நீர்மட்டத்திலிருந்து மேலடுக்கு அறையின் உச்சிவரையுள்ள உயரத்தையும் பெருக்கி, இருமடங்காக்கிச் சேர்க்க வேண்டும். நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்கு முகங்காட்டியே நிற்குமாதலின் இது முகத்தில் அறையும் காற்றுக்கானது. கப்பல் அப்படியும் இப்படியும் முகந்திருப்பும்போது பக்கவாட்டிலும் காற்றுப்படும். அதற்காகப் பக்கப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அந்நாளில் அவ்வளவுதான் கணக்கு. பள்ளி மாணவனும் செய்துவிடலாம். வந்த எண்ணைக் கொண்டு அட்டவணையில் அதற்குரிய படியைப் பார்த்தால் நங்கூரத்தின் எடை, சங்கிலியின் நீளம், கண்ணிக் கம்பியின் தடிமன் யாவும் கிடைத்துவிடும்.

1993ஆம் ஆண்டு, மேற்குக் கரையின் துறைமுக நகரம் ஒன்றில், ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். கரையோரச் சரக்குக் கப்பல் ஒன்றின் முன்தள உபகரணங்களைக் கணக்கிடும் பொறுப்பு எனக்கு வந்தது. வெளியேற்றும் நீர் 5000 டன், அகலம் 16 மீட்டர், உயரம் 12.9 மீட்டர். அந்த மூன்று உறுப்புகளும் முறையே 292, 413, 41. கூட்டினால் 746. அட்டவணையில் 720க்கும் 780க்கும் இடைப்பட்ட படி. நங்கூரம் ஒவ்வொன்றும் 2280 கிலோ, சங்கிலி மொத்தம் 467.5 மீட்டர், இரண்டாம் தர எஃகாயின் தடிமன் 42 மில்லிமீட்டர். சங்கிலியை 27.5 மீட்டர் துண்டுகளாக, ஷாக்கிள் என்னும் கணக்கில்தான் கப்பற்காரர் எண்ணுவர். ஆக 17 ஷாக்கிள். ஒருபுறம் ஒன்பது, மறுபுறம் எட்டு.

சங்கிலி தெரிந்துவிட்டால் அதை ஏற்றி இறக்கும் விண்ட்லாஸ் பொறியின் அளவும் தெரிந்துவிடும். மாணவர்களுக்கு வியப்பூட்டும் ஒரு செய்தி இங்கே உண்டு. 42 மில்லிமீட்டர் சங்கிலி அறுவதற்கு ஏறத்தாழ 100 டன் இழுப்பு வேண்டும். ஆனால் அதை இழுக்கும் பொறியின் வலிமையோ 7.6 டன்தான்! நங்கூரத்தையும் மூன்று ஷாக்கிள் சங்கிலியையும் நீரிலிருந்து தூக்கவும், முகப்புத் துளைக்குழாயின் உராய்வை வெல்லவும் அது போதும். கப்பலைப் பிடித்து நிறுத்துவது பொறியின் வேலையே அன்று. அது பிரேக்குக்கும் தடுப்பானுக்கும் உரிய வேலை. தடுப்பான் இருக்குமாயின் பிரேக் அறுபாரத்தில் 45 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். தடுப்பான் 80 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். சங்கிலியின் கடைசி முனையை மட்டும் வலுவாகக் கட்டிவிடாமல், சங்கிலி அறைக்கு வெளியே நின்றே விடுவிக்குமாறு அமைக்கிறார்கள். பற்றிக்கொள்ள இத்தனை ஏற்பாடு செய்தவர்கள், கைவிட வேண்டிய வேளை வரும் என்பதையும் மறக்கவில்லை.

என் கணக்கை ஒப்புக்கொண்டு விண்ட்லாஸுக்கு ஆணையும் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் கப்பல் உரிமையாளர், அதிகாரிகளுக்கு வசதியான அறைகள் வேண்டும் என்று கூறி, மேலே இன்னுமோர் அடுக்குக் கேட்டார். 2.6 மீட்டர் உயரம். அதை வரைந்தவனும் நானே. அறைகளின் கதவு, சன்னல், குழாய் எல்லாவற்றையும் மாற்றி வரைந்தேன். நங்கூரக் கணக்கு வேறொரு கோப்பில் முடிந்த கணக்காக உறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுக்கயிறுகளின் பட்டியலை எழுத அக்கோப்பைத் திறந்தேன். உயரம் 12.9 என்றிருந்தது. மேசைமேல் விரிந்திருந்த வரைபடத்தில் 15.5. மறுபடி கூட்டிப் பார்த்தேன். 292, 496, 44. மொத்தம் 832. அடுத்த படி! நங்கூரம் 2460 கிலோ. சங்கிலி 44 மில்லிமீட்டர்.

இரண்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். விண்ட்லாஸின் சங்கிலிச் சக்கரத்தில், கண்ணிகள் வந்து அமர்வதற்கெனக் குழிகள் வார்க்கப்பட்டிருக்கும். ஒரு தடிமனுக்கு வார்த்த சக்கரத்தில் வேறு தடிமன் ஒழுங்காக அமராது. துள்ளும், நழுவும். உயர்தர எஃகுக்கு மாறினால் 38 மில்லிமீட்டர் போதும். ஆனால் அதுவும் 42க்கு வார்த்த குழியில் அமராது.

மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. வரைபடங்களைச் சரிபார்க்கும் வகைப்பாட்டுக் கழகத்தார் எப்படியும் கண்டுபிடிப்பர், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் ஒரு வழி சொல்லிற்று. தகுதிகாண் பருவம் முடிய ஐந்து வாரமே இருந்தது. ஊரில் தங்கையின் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். நான்காம் நாள் காலை தலைமை வடிவமைப்பாளரின் அறைக்குச் சென்று இரண்டு தாள்களையும் அவர்முன் வைத்தேன்.

அவர் எண்களைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "எப்போது கண்டுபிடித்தாய் தம்பி?" என்றார்.

"மூன்று நாளாகிறது சார்."

தொலைபேசியை எடுத்துத் தொழிற்சாலையை அழைத்தார். பேசிவிட்டு வைத்தார். "சக்கரங்களை முந்தாநாள்தான் வார்த்திருக்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பிழை செய்ததற்காக இன்று எனக்கு வருத்தமில்லை. கணக்கில் பிழை நேர்வது இயல்பு. ஆனால் அந்த மூன்று நாளின் விலை உருகிய இரும்பாக எங்கோ ஒரு பட்டறையில் கிடந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை.

பிறகு நடந்த கூட்டத்தில் உரிமையாளரின் பிரதிநிதி ஒரு வழி கூறினார். கப்பலின் அகலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாத அறையை உயரக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்பது விதி. மேலடுக்கை 4 மீட்டராகச் சுருக்கினால் பழைய எண்ணே நிற்குமல்லவா? தலைமை வடிவமைப்பாளர் மறுக்கவில்லை. "தாராளமாகச் செய்யலாம். அறை சுருங்கினால் காற்றுப்படும் இடமும் உண்மையிலேயே சுருங்கும். ஆனால் நீங்கள் கேட்ட அறைகள் அதற்குள் அடங்கா" என்றார். அறைகள் வேண்டும் என்றனர். அப்படியானால் சங்கிலியும் வேண்டும் என்று முடிந்தது. முன்முனையில் இரண்டு டன்னுக்குச் சற்று மேல் எடை கூடிற்று. சங்கிலி அறையைச் சிறிது பெருக்க நேர்ந்தது. பொறியின் இழுப்பும் 8.4 டன்னாயிற்று. என் வேலை போகவில்லை.

அன்று மாலை அவர் என்னை அழைத்து விதிநூலின் அந்த அதிகாரத்தைத் திறந்து, சூத்திரத்துக்கு முன்னுள்ள பத்தியைப் படிக்கச் சொன்னார். நான் அதுவரை சூத்திரத்தைத்தான் படித்திருந்தேன், பத்தியைப் படித்ததில்லை. இந்த உபகரணங்கள் துறைமுகத்திலோ ஒதுங்கிய நீரிலோ கப்பலைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதற்கானவை என்றும், திறந்த கரைக்கு எதிரே கடுங்காற்றில் பிடித்து நிறுத்துவதற்காக வகுக்கப்பட்டவை அல்ல என்றும் அங்கே தெளிவாக எழுதியிருந்தது. வினாடிக்கு 25 மீட்டர் காற்று, 2.5 மீட்டர் நீரோட்டம், நங்கூரம் நன்கு பற்றும் தரை; இவற்றைக் கொண்டே அட்டவணை அமைந்திருக்கிறது. 25 மீட்டர் என்பது மணிக்கு 90 கிலோமீட்டர். "எண்ணைக் கொடுக்கும்போது இந்தப் பத்தியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் தம்பி. கப்பலில் போகிறவன் சூத்திரத்தைப் பார்க்கமாட்டான். முன்தளத்தில் கிடக்கும் பெரிய இரும்பைத்தான் பார்ப்பான். அதைப் பார்த்தால் எதையும் தாங்கும் போலத்தான் தெரியும்" என்றார்.

2012 அக்டோபர் 31 அன்று, நீலம் புயலின்போது, சென்னைக்கு வெளியே நின்றிருந்த பிரதிபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பல் கரைக்குத் தள்ளப்பட்டு எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டிற்று. உயிர்ப்படகில் இறங்கிய மாலுமிகளுள் சிலர் மாண்டனர். அக்கப்பலின் கணக்கை நான் பார்த்தவனல்லன். அதைப் பற்றித் தீர்ப்புரைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மணலில் ஏறி நின்ற அந்தக் கப்பலின் படத்தை நாளிதழில் கண்டபோது, என் கண் முதலில் சென்றது அதன் முகப்பில் சங்கிலி இறங்கும் துளைக்குத்தான்.

எங்கள் கப்பல் கட்டி முடிந்து கடற்சோதனைக்குப் புறப்பட்டபோது என்னையும் உடனழைத்துச் சென்றார்கள். நங்கூரம் 82.5 மீட்டர் ஆழத்தில் தொங்க வேண்டும், அங்கிருந்து 27.5 மீட்டருக்கு அதை ஏற்ற வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குக் குறையலாகாது. அந்த ஆழம் கிடைப்பதற்கு வெகுதூரம் செல்ல நேர்ந்தது. கடிகாரத்தை என் கையில் கொடுத்தார் தலைமை வடிவமைப்பாளர். 55 மீட்டர்; ஆறு நிமிடமும் ஆறேழு வினாடியும் வரை அனுமதி. பொறி முனகிற்று. கண்ணிகள் குழியில் ஒவ்வொன்றாக வந்தமர்ந்து கீழே இறங்கின. ஐந்து நிமிடம் ஐம்பது வினாடியில் மணியடித்தார்கள்.

திரும்பும் வழியில் ஆழங்குறைந்த இடத்தில் இரவு நங்கூரமிட்டோம். எல்லாரும் உணவுக்குச் சென்ற பிறகு முன்தளத்துக்குப் போய், தடுப்பானுக்கு முன்னால் சங்கிலிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். காவலுக்கு இருந்த முதிய மாலுமி விளக்கோடு வந்து, "என்ன சார் பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தாமும் ஒரு கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். சற்று நேரம் கழித்து, "புடிச்சிருக்கு" என்றார்.