விக்டோரியா ஹாலும் வக்கீல் நடிகர்களும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே செங்கல் சிவப்பில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபம், 1880களில் பொது நன்கொடையில் எழுந்தது. வரைபடம் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. கூட்டங்களுக்கென்று வந்த கட்டடம்தான். 1897-இல் விவேகானந்தர்கூட அங்கே பேசியிருக்கிறார். ஆனால் ஊர் அதை நாடகத்தால்தான் நினைவில் வைத்திருக்கிறது.

அதற்குக் காரணம் 1891-இல் பெல்லாரியிலிருந்து வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழு. பம்மல் சம்பந்த முதலியாருக்கு அப்போது 18 வயது. தமிழ் நாடகமென்றாலே அவருக்கு இளக்காரம். தகப்பனாரோடு ஆங்கில நாடகம் பார்த்து வளர்ந்த பிள்ளை. ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் அவரே இதை ஒளிக்காமல் எழுதுகிறார். பெல்லாரிக் குழுவை நடத்தியவர் கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல். வேஷம் கட்டியவர்களும் படித்த உத்தியோகஸ்தர்கள். கோர்ட்டில் வாதாடுகிறவர் மேடையில் ராஜாவாக நிற்கலாம் என்பதே பம்மலுக்குப் பெரிய செய்தி. கதை பிடித்ததைவிட, நடித்தவர்களின் அந்தஸ்துதான் அவரை அசைத்தது என்று தோன்றுகிறது. அதே ஆண்டு ஜூலை 1-இல் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார்.

சபை விக்டோரியா ஹாலில் வேரூன்றியது. பாட்டுக்கு நடுவே கதை வந்த காலத்தில் பம்மல் உரைநடை வசனத்தை முன்னே கொண்டுவந்தார். ஹாம்லெட்டை ‘அமலாதித்தன்’ ஆக்கினார். ‘மனோகரா’வில் தாமே நடித்தார். பெண் வேஷத்துக்கு ரங்கவடிவேலு. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இந்தச் சபையில் வேஷம் கட்டியவரே. பம்மல் பிறகு நீதிபதியாகவும் ஆனார். அரிதாரம் அதற்குக் குறுக்கே வரவில்லை.

நாடகத்துக்குக் கௌரவம் தேடித் தந்தது இந்த ஹால் என்பார்கள். பாதி உண்மை. கொஞ்ச தூரத்தில் வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகையில், வயிற்றுப்பாட்டுக்கு ஆடிய கம்பெனிகளுக்குக் கூட்டம் குறையவில்லை. அவர்களுக்குப் பாட்டும் கதையும் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் எந்தக் கோர்ட்டுக்கும் போனவரல்லர். 1918-இல் மதுரையில் பையன்களை வைத்துத் தனி சபையே கண்டவர். தமிழ் சினிமாவின் முதல் தலைமுறை நடிகர்கள் பெரும்பாலும் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் தேறியவர்கள். அமெச்சூர் வக்கீல்கள் மறுநாள் கோர்ட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சென்னையில் சலனப்படம் முதலில் காட்டப்பட்டதும், 1896-இல், இதே ஹாலில்தான். நாடகம் தன் பங்காளியைத் தன் வீட்டிலேயே இறக்கிக்கொண்டது. 1930களில் சபை மவுண்ட் ரோட்டுக்கு, அதாவது இன்றைய அண்ணா சாலைக்கு, குடிபோயிற்று. மண்டபம் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2023-இல் மாநகராட்சி சீரமைப்பைத் தொடங்கியது. சுகுண விலாச சபை இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது, மனமகிழ் மன்றமாக.