ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆனால் போதுமா?

பி.காம். படித்த எல்லோருக்கும் இந்தப் பாடம் ஞாபகம் இருக்கும். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது என்பதால் மட்டும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ராமன் கணக்கில் வரவு வைக்க வேண்டியதை ராவணன் கணக்கில் வைத்தாலும் டாலி ஆகும்! இருபது வருஷ பேங்க் உத்தியோகத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்தாச்சு. இதே பாடம் கம்ப்யூட்டர் விஷயத்திலும் கைகொடுத்தது. கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

போபாலுக்கு மாற்றலாகி வந்ததும் எங்களுக்குப் பழக்கமானவர் வாத்தியார் ஐயா. உண்மையில் அவர் வாத்தியார் இல்லை, இங்கே பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வராண்டாவில் தமிழ் வகுப்பு நடக்கும். இந்தியில் சண்டை போட்டு இங்கிலீஷில் பரீட்சை எழுதுகிற நம்ம பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 2007-இல் ஒரு சின்ன வலைத்தளம் ஆரம்பித்து பாடம், கதை, விடுகதை என்று அறுநூற்றுச் சொச்சம் எழுதி வைத்தார். எல்லாமே நேராகத் தட்டச்சு செய்தது. நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. 2021-இல் அவர் காலமான பிறகு, அவருடைய எழுத்து இருந்த ஒரே இடம் அந்த டேட்டாபேஸ்தான்.

2024-இல் சர்வர் வாடகைக்கு விட்டிருந்த கம்பெனியிடமிருந்து ஒரு மெயில். மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது, பழைய சர்வரை மூடப்போகிறோம், பத்து நாளில் பதிப்பு 8-க்கு மாறுங்கள் என்று.

மாறுவது என்றால் என்ன? பழைய சர்வரில் இருப்பதையெல்லாம் ஒரே கோப்பாக எழுதி எடுப்பது டம்ப். அதைப் புது சர்வரில் ஏற்றுவது ரீஸ்டோர். பழைய லெட்ஜரை முடித்து, பாக்கியைப் புது லெட்ஜருக்குக் கொண்டுபோகிற மாதிரி. கேட்க சுலபமாத்தான் இருக்கு, இல்லையா?

முதல் தடவை ஏற்றும்போது பாதியில் நின்றது. சர்வர் போய்விட்டது என்று ஒரு பிழைச் செய்தி. சர்வர் எங்கேயும் போகவில்லை. படங்களோடு இருந்த ஒரு பாடம், ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளும் அளவைத் தாண்டியிருந்தது. வரம்பைக் கூட்டச் சொன்னோம், ஏறியது.

அடுத்து, வகுப்புப் பிரிவுகள் பக்கம் திறக்கவில்லை. அந்த டேபிளுக்கு ஐயா வைத்திருந்த பெயர் 'குரூப்ஸ்'. பதிப்பு 8-இல் அது சர்வர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல். டம்ப் கோப்பு பெயர்களுக்கு மேற்கோள் குறி போட்டுவிடுவதால் ஏற்றும்போது சத்தமே இல்லை. தளத்தின் நிரலில் குறி இல்லாததால் அங்கே மாட்டிக்கொண்டது.

இதெல்லாம் சின்னது. பாடங்களைத் திறந்தால்தான் நெஞ்சே நின்றது. ஒரு தமிழ் எழுத்து இல்லை. தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு கிறுக்கல். பக்கம் பக்கமாக இதேதான். கம்பெனியில் கேட்டால், "பழையதிலும் புதியதிலும் வரிசைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது, எங்கள் வேலை முடிந்தது" என்று புகாரை மூடிவிட்டார்கள். டாலி ஆகிவிட்டதாம்!

உதவ வந்த நண்பர் ஒருவர், பிரதி எடுத்து, இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டுப் பார்த்தார். முக்கால்வாசி எழுத்து திரும்பி வந்தது. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி, உகரக் கொம்பு, ஏ, ஐ இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழா? நல்லவேளை, அது பிரதி.

கடைசியில் கைகொடுத்தது ஐயாவிடம் படித்த பெண். இப்போது புனேயில் சாஃப்ட்வேர் வேலை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், பைட் எல்லாம் பத்திரமா இருக்கு. மேலே ஒட்டியிருக்கிற லேபிள்தான் தப்பு" என்றாள்.

விஷயம் இதுதான். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பழைய பதிப்புகளில் டேபிள்களுக்கு இயல்பாக ஒட்டப்படும் லேபிள் லத்தீன்-1, அதாவது ஐரோப்பிய எழுத்து. தளமும் சர்வரும் ஒரே தப்பான லேபிளை நம்பியதால், போட்டது போட்டபடி திரும்பி வந்தது. பதிப்பு 8-இன் இயல்பு யூடிஎஃப்-8 எம்பி4. அது லேபிளைப் பார்த்து, ஒவ்வொரு பைட்டையும் தனி ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து மாற்றிக் கொடுக்கிறது. அதுதான் அந்தக் கிறுக்கல். நண்பரின் மாற்றி தடுக்கி விழுந்ததற்கும் காரணம் உண்டு. விண்டோஸின் லத்தீன் அட்டவணையில் சில இடங்கள் காலி. புள்ளி, உகரம், ஏ, ஐ நாலுக்கும் கடைசி பைட் அந்தக் காலி இடங்களில்தான் விழுகிறது.

அவள் பழைய சர்வரிலிருந்து புதிதாக டம்ப் எடுத்தாள். எதையும் மாற்றாதே, லத்தீன்-1 என்றே எடு என்று கட்டளை கொடுத்து. பைட்டுகள் இருந்தபடியே கோப்பில் விழுந்தன. பிறகு கோப்பிலிருந்த லேபிள்களை மட்டும் யூடிஎஃப்-8 எம்பி4 என்று மாற்றி, கோப்பும் அதில்தான் இருக்கிறது என்று அறிவித்து ஏற்றினாள். கெடு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இனி நம்ம வேலை. ஆடிட்டர் மாதிரி வருஷத்துக்கு ஐந்து பாடம் எடுத்து, பழைய தளத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். முதலில் தேடிய சொற்கள் 'ஏழு', 'ஐந்து'. தொலைந்துபோகக்கூடிய நாலு குறியும் அந்த இரண்டிலேயே வந்துவிடுகிறது. எல்லாம் இருந்தது. ஐயாவின் மனைவியிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஒரு எழுத்துப் பிழை இருக்கு தம்பி. அவரே போட்டதுதான், திருத்திடாதீங்க" என்றார். அதைவிடப் பெரிய ஆடிட் சான்றிதழ் வேண்டுமா?

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு தளம் இருக்கலாம். சங்கத்து ஆண்டு மலரோ, பாட்டியின் சமையல் குறிப்போ. அது எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று இந்த வாரமே கேளுங்கள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல், அதை வேறொரு இடத்தில் ஏற்றித் திறந்து பாருங்கள். டம்ப் கோப்பை எடிட்டரில் திறந்து அப்படியே சேமிக்காதீர்கள், பிரதியில் கை வையுங்கள். நாமே படித்துப் பார்க்கும்வரை பழைய சர்வரை மூட விடாதீர்கள்.

டிஸ்கி: சாஃப்ட்வேர் மக்களே, காமர்ஸ் ஆசாமி எங்கள் தொழிலில் மூக்கை நுழைப்பதா என்று அடிக்க வராதீங்க. லெட்ஜரில் லேபிள் மாறினால் எங்கள் வேலையே போயிடும், அந்த பயம்தான்!