தாயாக வந்த தயாபரன்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பிழைப்பின் பொருட்டுத் தொலைதூர ஊர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்குப் பல. மகளின் பேறுகாலத்துக்குத் தாய் உரிய வேளையில் வந்து சேர வேண்டுமே என்னும் கவலை அத்தகைய இல்லங்களில் எழுவது இயல்பு. அக்கவலை தீர்க்கும் பெருமான் எழுந்தருளியுள்ள தலம், ஏறத்தாழ 300 கி.மீ. தெற்கே உள்ள திருச்சிராப்பள்ளி.

விழுப்புரம், பெரம்பலூர் வழியாகச் சென்று கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்தால் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. ஆற்றங்கரைகள் எங்கும் வாழைத் தோட்டங்கள். பூவன், ஏலரிசி, கற்பூரவல்லி, நேந்திரன் எனப் பல வகை வாழைகள் விளையும் இப்பகுதியில், 1993-ஆம் ஆண்டில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் அமைந்தது. அருகிலுள்ள திருப்பைஞ்ஞீலியில் ‘ஞீலி’ என்னும் வாழையே தலமரம்.

மலையடிவாரத்தில் மாணிக்க விநாயகரை வணங்கிப் படியேறினால், நடுவில் தாயுமானவர் சந்நிதி. மேற்கு நோக்கிய பெருமான். அம்பிகை மட்டுவார் குழலம்மை. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது.

இவ்வூரில் வாழ்ந்த ரத்தினாவதி என்னும் செட்டிப்பெண் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தாள். அவளுக்குத் துணையிருக்கப் பூம்புகாரிலிருந்து தாய் புறப்பட்டு வந்தாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கோ நோவு கண்டது. துணையின்றித் தவித்தவள் ஈசனைக் கூவி அழைத்தாள். பெருமான் அவள் தாயின் வடிவிலேயே வந்து, பிரசவம் பார்த்து, பிள்ளையையும் பேணினார். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வீடு புகுந்தபோது, இரு தாயரைக் கண்டு மகள் திகைத்தாள். வந்திருந்த தாய் மறைந்தருளினார். அன்று முதல் பெருமான் ‘தாயும் ஆனவர்’. சித்திரைப் பெருவிழாவில் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என இந்நிகழ்ச்சி நடித்துக் காட்டப்பெறுகிறது.

சுகப்பிரசவம் வேண்டுவோர் இச்சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள். தாய்வாழையின் அடியிலேயே கன்று தளிர்ப்பதைக் கண்டவர்க்கு, அக்காணிக்கையின் பொருத்தம் விளங்கும். தார் சுமந்து வருவோரில் கர்ப்பிணியின் தாயும் உண்டு, மாமியாரும் உண்டு.

உச்சிப்பிள்ளையார் சந்நிதி வரை சுமார் 400 படிகள். முதியோர் அவசரமின்றி ஏறலாம். இயலாதோர் தாயுமானவரைத் தரிசித்த நிறைவோடு இறங்கலாம்.

மகள் ஓரூரிலும் தாய் ஓரூரிலுமாக வாழும் காலம் இது. இடையே எந்த வெள்ளம் குறுக்கிட்டாலும் அதைக் கடந்து வரும் தாய் ஒருவர் உண்டு என்பதே இம்மலை தரும் ஆறுதல்.