ஏர்பேக் விளக்கும் ஹாரனும்

பழைய காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதற்குப் பழகிப்போவது மிகச் சுலபம். வண்டி ஓடுகிறது, ஏசி வருகிறது, பிரேக் பிடிக்கிறது. எதிரே ஒரு வட்டத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்பு மனிதர் மட்டும் மீட்டரில் அணையாமல் இருக்கிறார். ஒரு மழைக்காலம் முழுக்க அவரோடுதான் ஆபீஸ் போய்வந்தேன்.

அவர் சொல்வது எனக்குத் தெரியாமல் இல்லை. சாவியைத் திருப்பியதும் சில வினாடி எரிந்து தானாக அணைந்தால், ஏர்பேக்கைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் சோதித்துப் பார்த்ததில் குறை தென்படவில்லை என்று பொருள். அணையாவிட்டால் எங்கோ கோளாறு. மோதினால் பை விரியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனரும் அதே கம்ப்யூட்டரின் பொறுப்புதான்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “பழைய வண்டி சார். சின்னதா ஒரு ரெசிஸ்டர் வச்சு விட்டா லைட் போயிடும்” என்றான். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் கம்பியின் மின்தடை இரண்டு ஓம் அளவில்தான் இருக்கும். அதே அளவு ரெசிஸ்டரை அந்த இடத்தில் இணைத்தால், பை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஏமாந்துபோகும். “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டேன். இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. அப்போது காரை விற்கும் யோசனையில் இருந்தேன். வாங்க வருபவர் கண்ணில் விளக்கு படக்கூடாது, என் கவலை அவ்வளவுதான். அன்று அவனிடம் ரெசிஸ்டர் இல்லை. நான் தப்பித்ததற்கு வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

அடுத்துப் பார்த்தவர் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஸ்கேனரை எடுக்கும் முன்பே, “ஹாரன் ஒழுங்கா அடிக்குதா தம்பி?” என்று கேட்டார். சென்னையில் ஹாரன் மக்கர் செய்தால் முதல் சிக்னலிலேயே தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் என் ஹாரன் ஊமையாகிவிடும். நேராக்கினால் மறுபடி பேசும். அதை நான் தனிக் கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

அவர் முதலில் குனிந்து பார்த்தது முன் சீட்டுகளுக்கு அடியில். அங்கே இருக்கும் ஏர்பேக் அமைப்பின் மஞ்சள் கப்ளர்கள், சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதோ, நாம் குடையைச் செருகி வைக்கும்போதோ தளர்ந்துவிடுமாம். பல கார்களில் விளக்கு எரிவதற்குக் காரணம் இந்த லூஸ் கனெக்‌ஷன்தான். என் காரில் அவை இறுக்கமாகவே இருந்தன. ஸ்கேனர் காட்டிய கோளாறுக் குறியீடு ஓட்டுநர் பக்க ஏர்பேக் சுற்றைச் சொன்னது. என்னிடமிருந்த மலிவு ஸ்கேனர் என்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். ஏர்பேக்கைப் பற்றி அது வாயே திறந்ததில்லை.

ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்பைரல் கேபிள் என்று ஒன்று இருக்கிறது. சுருட்டி வைத்த நாடா போன்ற அந்த ஒயர், ஸ்டீயரிங் சுற்றச் சுற்றச் சுருங்கி விரிந்து, ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி என் காரிலிருந்தது விட்டுப்போயிருந்தது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழையது குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்றேன். “அது எத்தனை லட்சம் தடவை சுத்தினதோ!” என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். புதியதே போட்டோம்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். காசு வாங்கிக்கொண்டு சோம்பேறித்தனமா என்று நினைத்தேன். பேட்டரி இல்லாவிட்டாலும் பையை விரிக்கும் அளவு மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் சற்று நேரம் தங்கியிருக்கும்; அது வடியத்தான் அந்த டீ. ஏர்பேக்கின் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது என்றும் சொன்னார். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே பையை வெடிக்கவைத்துவிடலாம். யூடியூப் பார்த்து வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை இது.

விளக்கு அணைந்த பிறகுதான் பையைப் பற்றியும் யோசித்தேன். தகாட்டா நிறுவனத்தின் பழைய இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உயிர்கள் போயின. உலகெங்கும் கோடிக்கணக்கில் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டு, 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் பல மாடல்களுக்கு இலவசமாக மாற்றித் தந்தார்கள். சென்னைக் காற்றின் வெப்பமும் ஈரமும் நமக்குத் தெரியாததா? பழைய கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துவிடுவது நல்லது.

பின்னர் அந்தக் காரை விற்றேன், ஸ்பைரல் கேபிள் பில்லையும் சேர்த்துக் கொடுத்து. வாங்கியவர் டயரைத் தட்டினார், பெயின்ட்டைத் தடவினார், மீட்டரைப் பார்க்கவே இல்லை. நீங்கள் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போனால், என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி அந்த விளக்கைப் பாருங்கள். எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்த வண்டி இந்தச் சோதனையிலும் தேறிவிடும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் ஸ்டீயரிங்குக்குள் பை இருக்கிறதா என்று விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை விட்டுப் பார்த்துவிடுங்கள்.